சேட்டிலைட்டுக்கு வைத்த பொட்டு

ஈர்க்குச்சியின் நுனியைக் கடைவாயில் வைத்துக் கடித்து நார்நாராக விரித்துக்கொண்டு, தவமணி அந்தப் பெட்டியின் முதுகிலிருந்த சின்னச் சின்ன ஓட்டைகளில் ஒன்றில் விட்டு மெல்லத் திருகினாள். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்து மடியில் விழுந்தது. ஒரு ஓட்டை முடிந்தால் அடுத்தது. குங்குமம்தான் சனியன், பிசுக்கோடு உள்ளே போய் அப்பிக்கொண்டு குச்சிக்கும் வரவில்லை, ஈரத்துணிக்கும் வரவில்லை. துணியை நல்லாப் பிழிஞ்சு தொடை, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனாலும் அவ்வளவுதான் என்று மாமா சொல்லிவிட்டு வண்டி கழுவப் போயிருந்தார். மாமா என்றால் வாய்வார்த்தைக்கு மாமா இல்லை. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி மாதேஸ்வரன்தான் தவமணிக்குத் தாலி கட்டியவர். டிராவல்ஸ்காரர் ஒருவரின் வண்டியை ஓட்டுகிறார். மூணு மணிக்கு வாடகை இருக்கிறது. நூல்மில் மேஸ்திரி வீட்டில் எட்டுப் பேர், கொல்லிமலைக்கு, பேரனுக்கு முதல் முடியெடுக்க. ராத்திரி மலையில் தங்கி, விடிந்ததும் கோயில். அதற்குள் பெட்டி சுத்தமாகி வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். "ஒரு பொட்டுச் சந்தனம் அதுல இருக்கப்படாது, ஆமா" என்று சொல்லும்போதே மாமா சிரித்தார். நேற்றிலிருந்து இந்தப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் சிரிக்கிறார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டினால் அது அன்றைக்கோடு போய்விடும்.

பெட்டி புதுசு இல்லை. கோயமுத்தூரில் டாக்சி ஓட்டும் யாரிடமோ மாமா வாங்கி வந்தது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அகலம், பின்னால் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்க ஒரு ரப்பர்க் குமிழ். போக வேண்டிய ஊரைக் குத்திவிட்டால் மேலே இருக்கிற சேட்டிலைட்டைக் கேட்டு இது வழி சொல்லுமாம், தமிழிலேயே, ஒரு பொம்பளைக் குரலில். செல்லுலயே இதெல்லாம் வருதே, தனியா எதுக்கு ஒரு பொட்டி என்று வண்டி ஸ்டாண்டில் கேட்டார்களாம். "செல்லு வேற, இது வேற. இது சத்தமாச் சொல்லும். மூஞ்சிக்கு நேரா நிக்கும். போனு வந்தா நடுவுல நின்னுக்காது" என்று வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னார். சாப்பிடும்போது ஒரு தரம் சொன்னார், கை கழுவும்போது ஒரு தரம், விளக்கை அணைக்கப் போகும்போது இன்னொரு தரம். அவள் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. கேட்காததற்கு மூணு தரம் எதற்குப் பதில் சொன்னார் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது, குச்சி ஒரு ஓட்டையில் மாட்டிக்கொண்டு வர மறுக்கும் இந்த நேரத்தில், தோன்றுகிறது. தோன்றியதை ஒதுக்கிவிட்டுக் குச்சியை இழுத்தாள். முனை உள்ளேயே ஒடிந்துவிட்டது.

பூசை போட்டது அவள்தான். நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வண்டிக்கு எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், சூடம், தேங்காய். புதுசாக வீட்டுக்குள் வந்த பொருளாயிற்றே என்று பெட்டிக்கும் ஒரு பொட்டு. கிரைண்டர் வந்தபோது வைத்தாள், கேஸ் அடுப்பு வந்தபோது வைத்தாள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முன்பக்கம் படம் தெரிகிற இடம், அங்கே வைத்தால் மறைக்கும் என்று யோசித்துத்தான் பின்பக்கம் வைத்தாள். யோசிக்காமல் ஒன்றும் செய்யவில்லை. பின்பக்கம்தான் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்து நிற்கும் பக்கம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள். அஞ்சாவது வரை படித்த புத்தகத்தில் வானம் இருந்தது, நிலா இருந்தது, நட்சத்திரம்கூட இருந்தது, சேட்டிலைட் இல்லை. காலையில் ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்க வந்த ஸ்டாண்டுக் காத்தமுத்து அண்ணன் வாசலில் நின்றுகொண்டே கேட்டார்: "ஏந் தங்கச்சி, சேட்டிலைட்டுக்கே பொட்டு வெச்சுட்டியாமா? அது வெக்கப்பட்டுக்கிட்டு வழி சொல்லாம நின்னுருச்சாமே?" கூட வந்தவர் விடவில்லை. "அடுத்தது நிலாவுக்கு வளைகாப்பு எப்பம்மா? சொல்லியுடு, நாங்களும் வர்றோம்." அவள் கதவுக்குப் பின்னால் பாதியாக நின்றாள். யார் வந்தாலும் அவள் பாதிதான். காது மடல் இரண்டும் எரிந்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மாமாதான். அவர்தானே போய் ஸ்டாண்டில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் நடந்ததை வெளியே போய்ச் சொல்லுகிற ஆள் இல்லை அவர். கல்யாணமாகி ஆறு வருசத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை வெளியில் போனதில்லை. இதை மட்டும், விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ச் சொல்லியிருக்கிறார், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி.

நேற்று ஓட்டிப் பார்த்ததை எங்கிருந்து எண்ணினாலும் நன்றாகத்தான் தொடங்குகிறது. மகள் தன்ஷிகாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்சீட்டில், மாமாவுக்கு இடது பக்கம். "அக்கா வீட்டுக்கே போட்டுப் பாப்பம், நமக்குத் தெரிஞ்ச வழி, இது ஒழுங்காச் சொல்லுதா, ஊரைச் சுத்த வைக்குதான்னு தெரிஞ்சிரும்" என்று மாமா அவள் அம்மா ஊரைக் குத்தினார். முந்நூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும் என்றது குரல். "தியும்பவும்" என்றது குழந்தை. மாமா சிரித்தார். "உங்கம்மாவ விட நல்லாப் பேசுதுடி. இத்தனை வார்த்தை அவ ஒண்ணாப் பேசி நான் கேட்டதே இல்ல." அவளுக்கும் சிரிப்பு வந்தது. முகத்தைக் குழந்தையின் முதுகில் புதைத்துக்கொண்டாள். ஹைவேஸில் ஏறும்போது விளக்கு வைக்கிற நேரம். வெளிச்சம் இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்ல முடியாத, எல்லாம் சாம்பல் பூசிக்கொண்ட நேரம். மேம்பாலம் கட்டுகிறேன் என்று பழைய திருப்பத்தை அடைத்துவிட்டு, அதற்கு அப்பால் புதுசாக ஒரு வழி வெட்டியிருந்தார்கள். தை மாதத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் போகாததால் மாமாவுக்கும் அவளுக்கும் அது தெரியாது. பெட்டிக்குத் தெரிந்திருந்தது. இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும். வண்டியில் போகும்போது வருகிற போர்டையெல்லாம் உதட்டுக்குள் எழுத்துக் கூட்டிப் பார்ப்பது அவள் வழக்கம், கடை, மில்லு, சங்கம், எதுவானாலும். பச்சைப் போர்டு, வெள்ளை எழுத்து. பு, து, ச், ச, த், தி, ர, ம். புதுச்சத்திரம். பக்கத்தில் இடது பக்கமாக ஒரு அம்புக்குறி. டீக்கடை டியூப்லைட் வெளிச்சத்தில் தார் இன்னும் கறுப்பு மாறாமல் அந்த வழி திறந்து கிடந்தது. மாமா நேராகப் போனார்.

நேராகப் போனார். இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு நின்றுவிடுகிறது, அவள் கையும் நின்றுவிடுகிறது. ஏன் மாமா நேராப் போறீங்க என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் டிரைவர், பதினாலு வருசமாக ஓட்டுகிறவர், வேறு வழி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். வழி மீண்டும் கணக்கிடப்படுகிறது என்று குரல் சொன்னது. கோபமே இல்லாமல் சொன்னது. திருப்பிக்கொண்டு வந்தார்கள். மறுபடியும் இடப்புறம் திரும்பவும். மறுபடியும் நேராக. "எங்கடி இருக்குது வழி? இது என்னத்தையோ ஒளறுது" என்றார் மாமா. அவர் குரலில் சிரிப்பு இல்லை. மூணாவது தரம் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் குறைத்து, ஸ்டியரிங் மேல் சாய்ந்து, பெட்டியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்து, குரல் சொன்ன கையோடு சடாரென்று இடது பக்கம் ஒடித்தார். வழி இன்னும் இருபதடி தள்ளி இருந்தது. அங்கே இருந்தது ஜல்லிக் குவியல். ஜல்லிக்கும் வண்டிக்கும் நடுவில், அவள் கதவுக்குக் கைநீட்டும் தூரத்தில், கேரியரில் சோளத்தட்டுக் கட்டோடு ஒரு ஆள் சைக்கிளில். அவள் அந்த ஆளை முன்னமே பார்த்திருந்தாள். நாலைந்து நொடியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பிரேக். குழந்தையின் நெற்றி முன்பலகையில் இடித்த சத்தம். அந்த ஆள் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குதித்து எழுந்து பானெட்டில் ஓங்கி அடித்தார். "டேய், கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? ஒரு முழு ஆளு ஓரத்துல வர்றது தெரியலயா?" மாமா தலையை வெளியே நீட்டி, "லைட்டு இல்லாம வந்தா எப்படிய்யா தெரியும்?" என்றார். தெரிந்தது. அவளுக்குத் தெரிந்ததே.

அப்புறம்தான் மாமா பெட்டியைக் கண்ணாடியிலிருந்து பிய்த்துத் திருப்பிப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். குழந்தை வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தது, நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு எழும்பிக்கொண்டிருந்தது. "அட இவளே" என்றார் மாமா. "நீதானா? இதோட மண்டையில சந்தனத்தை அப்பி வெச்சிருக்கிற. அப்புறம் எப்படி சேட்டிலைட்டு தெரியும் இதுக்கு?" அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் வரவில்லை. அவள் பயந்துகொண்டே பார்த்தாள், வரவேயில்லை. தலைச்சுமையை யாரோ கை கொடுத்து இறக்கிவிட்டால் வருமே, அப்படி ஒரு தெளிவு வந்தது. உடனே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா வீட்டுக்குப் போகாமலே திரும்பினார்கள். வழியெல்லாம் அவள் மன்னிச்சுக்குங்க மாமா, மன்னிச்சுக்குங்க மாமா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவரும் போய்த் தொலையுது விடு என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ராத்திரி குழந்தையின் நெற்றிக்கு மஞ்சள் பற்றுப் போடும்போதும் அவள் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். தன் பொட்டுதான் பிள்ளையின் மண்டையை உடைத்தது. ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தது.

ஆனால் பெட்டி சரியாகத்தான் சொன்னது. இதைத்தான் காலையிலிருந்து அவள் சுற்றிச் சுற்றி வருகிறாள். பொட்டோடுதான் சொன்னது, மூணு தரம் சொன்னது, அது சொன்ன இடத்தில் வழி இருந்தது, போர்டு இருந்தது, எழுத்துக் கூட்டிப் படிக்கிற அவளே படித்துவிட்டாள். அப்படியானால் சேட்டிலைட்டுக்குப் பெட்டி தெரிந்திருக்கிறது, பெட்டிக்கு வழி தெரிந்திருக்கிறது. பொட்டு ஒரு பாவமும் செய்யவில்லை. இப்படி நினைத்ததும் நெஞ்சு லேசாகணும் இல்லையா. ஆகவில்லை. பொட்டுதான் காரணமாக இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது. அதனால்தான் இந்த ஓட்டைகளை இவ்வளவு அக்கறையாகத் தோண்டிக்கொண்டிருக்கிறாள், ஒன்று விடாமல் சுத்தம் செய்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்கிற மாதிரி. நேராக. மாமாவுக்கு நேராக இருப்பது நன்றாகத் தெரியும். ஊசியில் நூல் கோத்துத் தருவது அவர்தான். பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊரை அரை பர்லாங் தூரத்தில் படிப்பார். பேப்பர் படிப்பார். அப்படிப்பட்ட கண்ணுக்கு என்ன கோளாறு வந்துவிடப் போகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், சண்டைக்குக் கேட்பது போல. பதில் வந்தது, வரவேண்டாம் என்று நினைத்த பக்கத்திலிருந்து. வாசலில் வைத்த தண்ணிக்குடத்தைப் போன மாசத்தில் மட்டும் மூணு தரம் எட்டி உதைத்திருக்கிறார். எவ இங்க கொண்டாந்து வெச்சது என்று கத்துவார். குடம் எப்போதும் வைக்கிற இடத்தில்தான் இருந்தது. நிலைக்கதவில் தோள் இடிக்காமல் உள்ளே வருவதில்லை, சட்டையில் அந்தத் தோளில் மட்டும் சுண்ணாம்பு. கீழே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த தன்ஷிகாவின் கையை மிதித்தார். மேஸ்திரி வீட்டு சரோசா அக்கா குழாயடியில் வைத்துக் கேட்டது: "உங்கூட்டுக்காரன் பெரிய மனுசனாயிட்டானாடி? பக்கத்துல நின்னு கையக் கையக் காட்டறேன், நான் என்னமோ கரண்டுக் கம்பம் மாதிரி பாக்காமப் போறான்." அவள் சிரித்து மழுப்பினாள். மாமாவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டதோ என்று அவளும் நினைத்தாள். தலைக்கனமாகவே இருந்திருக்கலாம்.

தாத்தாவுக்கும் நேராக இருப்பது தெரியும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தாத்தா முழுசாகக் குருடாவதற்கு முன்னால், அவளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். தாத்தா நடந்து போகும்போது சத்தமில்லாமல் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே நடப்பது. முகத்தைக் கோணுவது, நாக்கை நீட்டுவது. அவருக்குத் தெரியாது. முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தால் மட்டும் தெரிந்துவிடும், திடுக்கிட்டுக் கம்பை ஓங்குவார், அப்போது எல்லாரும் சிதறி ஓடணும். எத்தனை அடி ஒட்டிக்கொண்டு நடக்க முடிகிறதோ அத்தனை கெட்டிக்காரத்தனம். தவமணிதான் எப்போதும் ஜெயிப்பாள், அவளுக்குத்தான் சத்தம் போடாமல் இருக்க வரும். அந்தத் தாத்தாதான் மாமாவுடைய அப்பா, லாரி டிரைவர். நாற்பது வயதுக்கு முன்னாலேயே ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். வடக்கே எங்கேயோ ஒரு ரோட்டில் ஒரு ஆள் ஓரத்திலிருந்து வண்டிக்குள் பாய்ந்துவிட்டானாம், சாகணும் என்றே பாய்ந்தானாம். வீட்டில் அந்தக் கதையை அப்படித்தான் சொல்வார்கள். அன்றைக்கு லாரியைக் கிளப்பும்போது அவள் அம்மா தும்மிவிட்டாள். அதுதான் காரணம். பதினைந்து வயசுப் பெண்ணுக்குச் சளி பிடித்திருந்தது, தும்மினாள், ஒரு உயிர் போயிற்று. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்களாம், கல்யாணம் காட்சியில், பந்தியில். இன்றைக்கும் வாசலில் ஏதாவது வண்டி கிளம்பினால் அம்மா முந்தானையால் மூக்கை இறுகப் பொத்திக்கொள்வாள், முகம் சிவந்து கண்ணில் தண்ணி வரும் வரைக்கும் விடமாட்டாள். தவமணிக்கு அது பழகிப்போன காட்சி. எதற்கு இப்படிச் செய்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு தும்மல், ஒரு பொட்டு. அவன் பாயவில்லை அம்மா. அவன் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறான், தட்டுக்கட்டோ, தண்ணிக்குடமோ, எதையோ வைத்துக்கொண்டு, அவன் பாட்டுக்கு.

இன்று மத்தியானம் அவள் ஒரு காரியம் செய்தாள். செய்திருக்கக் கூடாது. மாமா சாப்பிட உட்கார்ந்தார். அப்பளம் பொரித்து எடுத்து வந்தவள் முன்னால் போகாமல் அவருடைய இடது பக்கம் மண்டியிட்டு, அவர் காதுக்கு நேராக அப்பளத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். மூச்சுக்கூட விடவில்லை. மாமா ரசத்தைப் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். "அப்பளம் பொரிக்கறேன்னியே, எங்க?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டார். அப்பளத்திலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவர் தோளில் விழுந்தது, அது தெரியவில்லை அவருக்கு. கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். இல்லை. இன்னும் கொஞ்சம். இல்லை. மூக்குக்கு முன்னால் வந்ததும், "இந்தா இருக்குது" என்று வாங்கிக்கொண்டார். "ஏன் ஒளிச்சு வெச்சுக் குடுக்கற?" மாமா அப்பளத்தை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துபோயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன செய்தாள் என்பது தெரிந்துபோயிற்று. அடுத்து அவர் சொன்னது, "மலை ரோட்டுக்கு அந்தப் பொட்டி இருந்தா எனக்குப் போதும் தவம். வளைவு வர்றதுக்கு முன்னாடியே அது சொல்லிரும்" என்பதுதான். கேட்டுக்கொள்கிற மாதிரி சொன்னார். யாரிடமும் அவர் அந்தக் குரலில் பேசி அவள் கேட்டதில்லை. அதைக் கேட்ட பிறகு பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு குச்சியைக் கடிப்பதைத் தவிர அவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்.

வளைவு எழுபது. எதிரே வருவதெல்லாம் பக்கத்திலிருந்துதான் வரும். மூணு மணிக்குக் கிளம்பினால் பாதி மலையில் பொழுது சாய்ந்துவிடும், மரத்து நிழல் வேறு. எதிரில் பஸ் வரும், பலாப்பழ வண்டி வரும், ஓரத்தில் விறகு தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். இதையெல்லாம் பெட்டி சொல்லாது. அதற்கு ரோடு தெரியும், ரோட்டில் இருக்கிறவர்களைத் தெரியாது. பெட்டியைத் தூக்கித் தண்ணித் தொட்டியில் போட்டுவிட்டால்? பெட்டி இல்லாமல் போவார். சாவியை ஒளித்தால்? ஒரு நாள். கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம் மாமா என்று சொல்லலாம். தாத்தாவைக் காட்டாத ஆஸ்பத்திரி இல்லை என்று அம்மா சொல்வாள், கண்ணாடி போட்டாலும் தீராது, இது ரத்தத்தில் வருவது என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மாமாவுக்கும் அது தெரியும், அவர் அந்த வீட்டுப் பிள்ளைதானே. ஸ்டியரிங்கை விட்டுவிட்டால் மாமா என்ன செய்வார். தாத்தா கடைசிக் காலத்தில் கட்டிலிலிருந்து கொல்லைக்குப் போக ஒரு பச்சை நைலான் கயிறு கட்டியிருந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போவார், பிடித்துக்கொண்டே வருவார், உள்ளங்கை பட்டுப் பட்டுக் கயிறு கறுத்து வழவழவென்று ஆகியிருந்தது. மாமாவுக்கு முப்பத்திமூணு. அந்தக் கயிற்றை எத்தனை வருசம் பிடிப்பார். ரத்தத்தில் வருவது என்றால். இந்த இடத்தில் அவள் வேண்டுமென்றே வேறு எதையோ பார்த்தாள், சுவரில் போகிற எறும்பைப் பார்த்தாள், ஏனென்றால் அவள் அந்தத் தாத்தாவுடைய பேத்தி, மாமா அவருடைய பிள்ளை, அறையில் நெற்றிப் பற்றோடு தூங்கிக்கொண்டிருக்கிற தன்ஷிகாவுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அதே ரத்தம். குழந்தை எழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, பாராதபோது ஓரத்தில் ஒரு விரலை ஆட்டிப் பார்க்கலாம். மாட்டாள். இன்றைக்கு மாட்டாள். ஒரு நாளைக்கு ஒருவரைச் சோதித்தது போதும்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கிற சத்தம், பாத்திரங்கள் உரசுகிற சத்தம், எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். "சன்னல் சீட்டு எனக்கு, வாந்தி வந்தா உன் மடியிலதான் எடுப்பேன், சொல்லிப்புட்டேன்" என்று சரோசா அக்கா யாரையோ மிரட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். முடியெடுக்கப் போகிற குழந்தையும் சிரித்தது. பதினோரு மாசம், மேல்பல் இரண்டு வந்திருக்கிறது, நேற்று குழாயடியில் தவமணியின் விரலைக் கடித்தது. "எங்கப்பா உன் ஊட்டுக்காரி? நிலாவுக்குப் பொட்டு வெக்கப் போயிட்டாளா?" என்று அக்கா கேட்க, மாமா சிரித்த சிரிப்பு உள்ளே வரைக்கும் வந்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில் இருப்பது இந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் கேட்கிறது. "தவம், பொட்டியக் கொண்டா, நேரமாச்சு" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. என்ன வார்த்தை சொல்வது என்று அடுக்கிப் பார்த்தாள். மாமாவிடம் சொன்னால் சிரித்து மூடிவிடுவார். மேஸ்திரியிடம் பேச அவளுக்கு வாய் எழும்பாது. சரோசா அக்காவிடம்தான், அக்கா மடியில்தான் குழந்தை இருக்கும். அக்கா, எறங்குங்க. அதை முதலில் சொல்லணும், காரணம் கேட்பதற்கு முன்னாலேயே. அப்புறம், மாமாவுக்கு ஓரத்தில் இருக்கிறது தெரியறதில்லை. இத்தனை வார்த்தை அவள் வெளியாட்கள் முன்னால் பேசியதே இல்லை. சொன்னதும் எல்லாரும் ஊமையாகிவிடுவார்கள், காத்தமுத்து அண்ணன் காதுக்கு இது பொழுது சாய்வதற்குள் போய்விடும், டிராவல்ஸ்காரர் நாளைக்கே சாவியை வாங்கிக்கொள்வார், மாமா அவளைப் பார்ப்பார், நேராகத்தான் பார்ப்பார், நேராகப் பார்த்தால் அவள் முகம் முழுசாகத் தெரியும் அவருக்கு, மத்தியானம் கேட்ட அந்தக் குரல் இனி எந்த நாளும் அவளிடம் கேட்காது, அதைத் தாங்கிக்கொண்டு நின்றுவிட்டால் போதும், நாக்கு ஒட்டிக்கொண்டால் மறுபடியும் முதலிலிருந்து, அக்கா, எறங்குங்க, மாமாவுக்கு

"தவமணீ! காதுல விழுவலயா?"

வந்துட்டேன் மாமா என்று எப்போதும் சொல்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள். மடியில் இருந்ததைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் பாதியாக நிற்கிற இடத்தில் நிற்காமல் அதைத் தாண்டி, வெயிலுக்குள் இறங்கி, வண்டியின் சன்னலோரம் போய் நின்றாள். எட்டு முகம் திரும்பியது, மாமா முகம் மட்டும் இன்னும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவருக்கு அவள் வந்தது தெரியவில்லை, "அக்கா" என்றாள், சத்தமாகத்தான் வந்தது, "கொழந்தையத் தூக்கிட்டு நீங்க எறங்குங்க."